மண்ணெண்ணெய் வாசம்

எங்கள் வீட்டில் அம்பாசடர் இருந்தது என்று சொன்னால் பெரிய இடம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அது டாக்ஸி. தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நிற்கும். பகலில் அப்பா ஓட்டுவார். ராத்திரி சவாரி வந்தால் சித்தப்பா. மார்க் 3, 1977 மாடல், பெட்ரோல் வண்டி. அப்பா வாங்கும்போதே இரண்டு கை மாறியிருந்தது. ஸ்டாண்டில் மற்றவர்கள் ஒவ்வொருவராக டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் அதற்குப் பணம் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் பெட்ரோல் கணக்கும் அரிசிக் கணக்கும் ஒன்று. எத்தனை லிட்டர் போட்டது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதிவைப்பார்.

1996 ஐப்பசி கடைசியில் அந்த வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. எனக்கு அப்போது பதினொரு வயது.

மிஸ்ஸிங் என்றால் என்ன என்று இப்போது கார் வைத்திருக்கிற நண்பர்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறது. இன்ஜினில் நாலு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போய், நன்றாக அமுங்கி, சரியான நேரத்தில் பிளக்கில் ஒரு பொறி விழ வேண்டும். விழுந்தால் எரியும், எரிந்தால் ஓடும். இன்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும்போது நாலு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு நூறு பொறி. அதில் பத்துப் பதினைந்து விழாமல் போனால் போதும், வண்டி ஒரு தடவை விக்கும். உள்ளே இருப்பவர்களின் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

இந்த 'ஒன்றுமே நடக்காத மாதிரி'தான் ஆளைக் கொல்வது. நின்றுபோன வண்டியை யார் வேண்டுமானாலும் சரிபார்த்துவிடலாம். எப்போதாவது மட்டும் கோளாறு காட்டுகிற வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே தங்கமாக ஓடும். மெக்கானிக் பேனட்டைத் திறந்து, கையாலேயே ஆக்ஸிலேட்டரை இழுத்து, காதைச் சாய்த்துக் கேட்பார். "நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி?" என்பார். டாக்டரிடம் வந்ததும் காய்ச்சல் இறங்கிவிட்ட பிள்ளையின் தகப்பன் மாதிரி அப்பா நிற்பார்.

முதலில் நாலு பிளக்கையும் மாற்றினார்கள். மூன்று நாள் சரியாக இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இரண்டு நாள். கண்டென்சர் மாற்றினார்கள். அஞ்சு நாள். அப்புறம் காயில். ஒவ்வொரு தடவையும் அப்பா வீட்டுக்கு வந்து, "கண்டுபிடிச்சாச்சு, காயில்தானாம்" என்பார். அம்மா தலையை ஆட்டுவாள். அடுத்த வாரம் வேறு பெயர்.

இப்போது யோசித்தால் புரிகிறது. விட்டுவிட்டு வருகிற கோளாறு, கடைசியாக எதை மாற்றினோமோ அதற்குக் கொஞ்ச நாள் பெருமையைக் கொடுத்துவிடும். அது தானாகப் போயிருக்கும். நாம் விரட்டினோம் என்று நினைத்துக்கொள்வோம்.

*

கார்த்திகை பிறந்தது. தென்காசியில் டாக்ஸி வைத்திருப்பவனுக்கு அதுதான் அறுவடை. மாலை போட்ட சாமிகளை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் வழியாகப் பம்பைக்குப் போய்வர வேண்டும். தை முதல் தேதி மகரவிளக்கு வரைக்கும் வண்டி நிற்கக் கூடாது. அந்த ரெண்டு மாசத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் சித்திரை வரை ஓடும்.

முதல் சவாரியிலேயே வண்டி விக்கியது. பின்னால் இருந்த குருசாமி, "டிரைவர் சாமி, வண்டியில ஏதோ குத்தம் இருக்கு" என்றார். அவர் வண்டியைத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தார். ரொம்ப நேரம் புரட்டினார்.

லிட்டருக்குக் கிடைக்கிற கிலோமீட்டர் குறைந்திருந்தது. ஐப்பசியிலிருந்து குறைந்திருந்தது. அதிகமாகக் குறைந்தது ராத்திரி சவாரிகளில்.

ஸ்டாண்டில் யாரோ ஏற்கனவே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்கள்: "பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்தா இப்படித்தான் விக்கும்." அந்தக் காலத்தில் இது சாதாரணச் சந்தேகம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டேங்கிலிருந்து நாலு லிட்டர் பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு, மண்ணெண்ணெயை ஊற்றிவைத்தால் முள் அதே இடத்தில் நிற்கும். அப்படிச் செய்த டிரைவர்கள் இருந்தார்கள். கதைகள் அதைவிட அதிகமாக இருந்தன.

ராத்திரி வண்டி சித்தப்பா கையில் இருந்தது.

அப்பா என்னைக் கூப்பிட்டார். சித்தப்பா ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறான், கேன் ஏதும் வைத்திருந்தானா என்று கேட்டார். நான் சித்தப்பாவோடுதான் திண்ணையில் படுப்பேன். கேன் எதுவும் பார்க்கவில்லை என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஏனோ, ஏதாவது ஒன்றை அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும் போல இருந்தது. பெரிய மனுஷன் மாதிரி என்னிடம் கேட்கிறாரே.

"சித்தப்பா கையில மண்ணெண்ணெய் வாசம் அடிச்சிச்சு" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா. ரெண்டு மூணு நாளு."

நான் பொய் சொல்லவில்லை. வாசம் அடித்தது. திண்ணையில் பக்கத்தில் படுக்கும்போது மூக்கில் ஏறும்.

*

அன்றைக்கு ராத்திரி நடந்த சண்டையை எழுதப்போவதில்லை. அப்பா அடிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். "ஏல, எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பாவுக்கு முதலில் எதைக் கேட்கிறார் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் பேச்சு வரவில்லை. அந்தப் பேச்சில்லாமையை அப்பா ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். விடிந்ததும் சித்தப்பா ஒரு துணிப்பையோடு திருப்பூர் பஸ் ஏறிவிட்டார். பனியன் கம்பெனியில் அவருடைய கூட்டாளி ஒருவன் இருந்தான்.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க பெரிய லேப் வேண்டாம். ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் காய்ந்து தடமில்லாமல் போய்விடும். கலப்படம் என்றால் கறை நிற்கும். பெட்ரோல் பங்கில் கேட்டாலே அந்தப் பேப்பர் தருவார்கள். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிற அப்பாவுக்கு இது தெரியும். ஒரு சொட்டு விட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

இதைவிட மோசம் அடுத்து நடந்தது. சித்தப்பா போன பிறகு பத்து நாள் வண்டி ஒரு தடவைகூட விக்கவில்லை.

பத்து நாள்! மூன்று பம்பைச் சவாரி, எண்ணெயில் வழுக்குவது மாதிரி போய்வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, பேச வேண்டியதும் இல்லை. வண்டியே சாட்சி சொல்லிவிட்டது. அம்மாகூட, "இப்படியா இருப்பான்" என்று ஒரு நாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பதினோராம் நாள், இலஞ்சி தாண்டி, காலி வண்டி, நானும் அப்பாவும் மட்டும். வண்டி விக்கியது. ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு தடவை.

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். யாரும் சொல்லவில்லை.

*

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் ஷெட் போட்டிருந்தார். அப்பா அவரிடம் இதுவரை போனதில்லை. மற்ற இடங்களில் எல்லாம் சொல்லிச் சலித்த கதையை அவரிடம் மறுபடி சொன்னார். பெரியவர் பேனட்டைத் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டார்.

"ஒரு கால் நொண்டுதா, நாலு காலும் சேந்து தடுக்குதா?"

அப்பா யோசித்தார். "நாலும் சேந்துதான் அண்ணாச்சி. மொத்தமா விட்டுப் பிடிக்கி."

"அப்ப பிளக்கு, பிளக் வயரு, ரெண்டையும் விடு. அதுன்னா ஒரு சிலிண்டர் மட்டும் டக்கு டக்குன்னு தாளத்தோட போகும். நாலுக்கும் பொதுவான எடத்துல கோளாறு. சரி, போகும்போது இழுத்துக்கிட்டுப் போகுதா, பட்டுனு போகுதா?"

"பட்டுனு."

"பெட்ரோலுன்னா இழுத்துக்கிட்டுத்தான் சாகும். கரண்டுதான் பட்டுனு போயிப் பட்டுனு வரும். சூடானப்புறம்தான் வருதா?"

"இல்ல, காலையில எடுத்ததும் வந்திருக்கு."

"அப்ப காயிலும் இல்ல. காயிலு கெட்டா சூடு ஏறுனப்புறம்தான் பெரும்பாலும் வேலையக் காட்டும்." கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, "காட்டுல ஏறும்போது விக்குதா?" என்றார்.

ஆரியங்காவுக்கு ஏறுகிற மலைப்பாதையைத்தான் கேட்டார். ஆறு சாமி, மேலே இருமுடி, மூட்டை, இரண்டாவது கியரில் இன்ஜின் முக்கிக்கொண்டு ஏறுகிற இடம்.

அப்பா வாயைத் திறந்து மூடினார். "இல்ல அண்ணாச்சி. காட்டுல ஒரு தடவகூட விக்கல."

"நாக்கிங் சத்தம்? டங்கு டங்குன்னு?"

"இல்ல."

"பெட்ரோல்ல கலப்படம்னா காட்டுலதான மொதல்ல தெரியணும்? மண்ணெண்ணெய் கலந்த வண்டி ஏத்தத்துல தட்டி எடுத்துரும்லா. சமரோட்டுல மட்டும் விக்குதுன்னா பெட்ரோலுமேல குத்தம் இல்ல."

பெரியவருக்கு எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. வண்டியைப் பற்றித்தான் பேசினார். அப்பா பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

*

பெரியவர் எழுந்து வந்து கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற மெல்லிய குழாயைக் கழற்றினார். கார்புரேட்டர் பக்கத்து ஓட்டையை அடைத்தார். "நாலு நாள் இப்படியே ஓட்டிட்டு வா" என்றார். பணம் வாங்கவில்லை.

நாலு நாள் விக்கவில்லை. அப்பா சந்தோஷமாகப் போய்ச் சொன்னார். பெரியவர் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு, "இப்பப் போயி விக்க வச்சிட்டு வா" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி? சரியாயிருச்சே?"

"போறத வச்சு ஒண்ணும் தெரியாதுப்பா. நாம கூப்புட்டா வரணும். அப்பத்தான் அது அதுதான்."

இலஞ்சி ரோட்டில் அஞ்சு கிலோமீட்டரில் வந்தது. திரும்பிப் போனோம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி எனக்கும் காட்டினார். உள்ளே ஒரு சின்னத் தட்டு. அதன்மேல் பிளாட்டினம் பாயிண்ட். அது மூடித் திறக்கிற ஒவ்வொரு தடவையும் காயிலிலிருந்து ஒரு பொறி கிளம்பும். அந்தத் தட்டு அசையக்கூடியது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து சமரோட்டில் போகும்போது உள்ளே போகிற கலவை கம்மி, அது மெதுவாகத்தான் எரியும், அதனால் பொறி கொஞ்சம் முந்தி விழ வேண்டும். அந்த நேரத்தில் கார்புரேட்டரில் இருக்கிற வெற்றிடம் குழாய் வழியாக இழுத்துத் தட்டைத் திருப்பிவிடும். முழுசாக மிதித்து மலை ஏறும்போது வெற்றிடம் குறைந்துவிடும், தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். சும்மா நிற்கும்போதும் அப்படியே. தட்டிலுள்ள பாயிண்டுக்கு வெளியிலிருந்து ஒரு சின்ன வயர் வருகிறது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். கால் எடுக்க எடுக்க, வைக்க வைக்க, அந்த வயர் மடங்கி மடங்கி நிமிர்கிறது. பத்தொன்பது வருஷமாக.

காயிலிலிருந்து வருகிற ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு டெஸ்ட் லைட்டை அந்த முனையில் கொடுத்தார். இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றி, பாயிண்ட் நன்றாக மூடியிருக்கிற மாதிரி நிறுத்தினார். லைட் எரிந்தது.

"எய்யா, இங்க வா. இந்தக் குழாய வாயில வச்சு உறிஞ்சு."

குழாய் நுனியில் பெட்ரோலும் ரப்பரும் கலந்த கசப்பு. உறிஞ்சினேன். தட்டு நகர்ந்தது.

லைட் அணைந்தது.

விட்டேன். எரிந்தது. மறுபடி உறிஞ்சினேன். அணைந்தது. பெரியவர் அப்பாவைப் பார்த்து, "இப்பத் தெரியுதா?" என்றார். அப்பா லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ உறிஞ்சுல" என்றார் என்னிடம். குரல் சரியாக வரவில்லை.

வயரைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தார்கள். வெளியே உறை முழுசாக இருந்தது. கீறல்கூட இல்லை. இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தால் ஒரு இடத்தில் மட்டும் எலும்பில்லாத மாதிரி தொய்ந்தது. உள்ளே செம்புக் கம்பிகள் அறுந்து, முனையோடு முனை தொட்டுக்கொண்டிருந்தன. தொட்டால் கரண்ட். விலகினால் இல்லை.

"போன மாசம் பாயிண்டு மாத்துனியோ?" என்று பெரியவர் கேட்டார். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். மாற்றியிருந்தார். சித்தப்பா பஸ் ஏறிய அன்றைக்கு மத்தியானம். "அதான் கொஞ்ச நாள் நின்னுருக்கும். கழட்டி மாட்டுனதுல வயரு வேற மாதிரி ஒக்காந்திருக்கும்."

கிலோமீட்டர் கணக்கும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொறி விழாவிட்டால் பெட்ரோல் எரியாமல் வெளியே போகும். ராத்திரிச் சவாரி என்றால் காலி ரோடு, ஒரே வேகம், லேசாக மிதித்த கால். விக்கல் அங்கேதான் அதிகம். நோட்டு பொய் சொல்லவில்லை. அப்பா அதை வாசித்த விதம்தான் தப்பு.

புது வயர் வைத்துப் பற்றவைக்க இருபத்தஞ்சு ரூபாய் ஆனது.

*

அப்பா அன்றைக்கே திருப்பூர் போயிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அவர் போகவில்லை. சீசன் இருந்தது, கடன் இருந்தது. அதெல்லாம் காரணம் இல்லை என்று அவருக்கும் தெரியும். அம்மா ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டாள் என்று பின்னால் தெரிந்தது.

1998இல் ஆச்சி செத்ததற்குச் சித்தப்பா வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாயங்காலம் எல்லோரும் திண்ணையில் இருந்தோம். அப்பா வண்டிச் சாவியைச் சித்தப்பா பக்கத்தில் வைத்தார். "வண்டிய ஒரு ரவுண்டு எடுத்துப் பாரு" என்றார். சித்தப்பா சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். இலஞ்சி ரோட்டில் அம்பது கிலோமீட்டர் வேகத்தில், லேசாக மிதித்த காலோடு போனார். அந்த இடம் அவருக்கும் தெரிந்திருந்தது. வண்டி விக்கவில்லை. திரும்பி வந்து சாவியை அதே இடத்தில் வைத்து, "நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அண்ணன் தம்பிக்குள் அதைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த நாள் திருப்பூர் போய்விட்டார். அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு.

அப்பா போன பிறகு பரணில் அந்த நாற்பது பக்க நோட்டுகளைப் பார்த்தேன். 1996 மார்கழிப் பக்கம் ஒன்றில் ஒரு வயர் துண்டு செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தது. டேப் மஞ்சளாகிவிட்டது. பக்கத்தில் 'வயர் - 25' என்று மட்டும் எழுதியிருந்தார்.

2014 மே மாசம் உத்தர்பாரா ஃபேக்டரியில் அம்பாசடர் தயாரிப்பு நின்ற செய்தியைப் படித்துவிட்டுச் சித்தப்பா போன் பண்ணினார். "நம்ம வண்டி இனி வராதாம்ல" என்றார். பழைய கதை கொஞ்சம் பேசினோம். அப்போதுதான் சொன்னேன். பதினெட்டு வருஷம் கழித்து. மண்ணெண்ணெய் வாசம் என்று அப்பாவிடம் சொன்னது நான்தான் என்று.

மறுமுனையில் தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"வாசம் அடிச்சிருக்கும்ல" என்றார். "பிளக்க எல்லாம் கழட்டி மண்ணெண்ணெயில போட்டுக் கழுவுவேன். அண்ணன் தூங்குனப்புறம். மிஸ்ஸிங் போயிருமோன்னு பாத்தேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"நீ மோந்தத சொன்ன, அதுல ஒண்ணும் இல்ல. சின்னப் பய. அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எவ்வளவு நாளான்னு கேட்டான். எதுக்கு வாசம் அடிக்குன்னு கேக்கல."

கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும்.

"அந்த வயரு வச்சிருந்தான்னு மதினி ஒரு தடவ சொன்னாவ. இருக்கா இன்னும்?"

"இருக்கு சித்தப்பா. என்கிட்டதான் இருக்கு."

"ஊருக்கு வாரப்ப எடுத்துட்டு வா. ஒரு தடவ மடக்கிப் பாக்கணும்."